ஐம்பத்தெட்டுப் பேரின் சிரித்த முகம்

17 ஜனவரி 2024

இன்றைக்கு இரண்டு பல். மொத்தம் நாற்பத்தொன்று. இன்னும் பத்தொன்பது பிடுங்கிவிட்டால் என் ஆராய்ச்சி முடிந்துவிடும். உலகம் சோறு தண்ணி இல்லாமல் அதற்காகத்தான் காத்திருக்கிறது.

சாப்பிடும்போது ஷபீர் திடீரென்று அக்கறையாக, அப்படி என்னதான் ஆராய்ச்சி என்று கேட்டார். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துப் பொண்டாட்டியின் வேலைமீது ஆர்வம் வந்திருக்கிறதே என்று தட்டைத் தள்ளிவைத்துவிட்டு விளக்கினேன். கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க, மரத்துப்போக வைக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று பிளாக். தாடையின் பின்கோடியில் நீள ஊசியை இறக்கி, நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்திலேயே மருந்தைப் போடுவது. பாதித் தாடை, பாதி உதடு, பாதி நாக்கு எல்லாம் மூன்று மணி நேரத்துக்குக் காணாமல் போகும். அந்த நேரத்தில் தே தாரிக் குடித்தால் பாதி சட்டைக்குத்தான்.

இன்னொன்று ஓர ஊசி. வேறு மருந்து, வீரியம் கொஞ்சம் கூட, சின்ன ஊசி, பிடுங்க வேண்டிய பல்லின் ஈறு ஓரத்திலேயே. அந்த இடம் மட்டும் மரத்துப்போகும். கடைவாய் எலும்பு தடிப்பு, மருந்து உள்ளே இறங்காது என்பது பழைய கட்சி. இறங்கும் என்பது என் கட்சி. அறுபது பேர். உறையைப் பிரித்து, சீட்டில் வந்தபடி முப்பது பேருக்கு அது, முப்பது பேருக்கு இது. யாருக்கு வலி குறைவு என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஷபீர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகுதான் பார்த்தேன், எனக்குப் பின்னால் டிவியில் கால்பந்து.

18 ஜனவரி

கொமியூட்டர் ரயில் நாற்பது நிமிடம் தாமதம். கிள்ளானில் ஒரு சொத்தைப் பல் எனக்காகக் காத்திருந்தது. அதற்கு வேறு போக்கிடம் இல்லை.

22 ஜனவரி

நிர்வாகத்திலிருந்து சுற்றறிக்கை. எங்கள் பல் மருத்துவக் கல்லூரி கிளினிக்கின் சேவையில் தொண்ணூற்றெட்டு சதவீதம் பேர் மகிழ்ச்சியாம். பதிவு முகப்பில் போன வருடம் ஒரு இயந்திரம் வைத்தார்கள். ஐந்து முகங்கள். பச்சையில் பல்லைக் காட்டிச் சிரிப்பது முதல், சிவப்பில் அழுவது வரை. வெளியே போகிறவர்கள் ஏதாவது ஒன்றை அமுக்க வேண்டும். யாராவது சிவப்பை அமுக்கினால் அந்த நேரத்தில் முகப்பில் இருந்தவர் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். அதனால் முகப்பில் இருக்கும் பெண்கள், ஒவ்வொருவரும் வெளியேறும்போது எழுந்து நின்று, கையை எடுத்துக் கும்பிடாத குறையாகப் பார்க்கிறார்கள். தொண்ணூற்றெட்டு ஏன், நூறே வரலாம்.

நல்லவேளை, என்னுடையது விஞ்ஞானம்.

24 ஜனவரி

நாளை தைப்பூசம். கிளினிக்கில் கூட்டமே இல்லை. அலகு குத்திக்கொள்ளத் தயாராக இருப்பவர்கள்கூட என் ஊசிக்கு வரவில்லை.

சும்மா இருந்ததால் புரொபசர் திருச்செல்வத்திடம் மாட்டிக்கொண்டேன். முப்பத்தொரு வருடமாகப் பிளாக் போடும் கை அது. அந்தக் கையை அவரே அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொள்வார். என் ஓர ஊசிக்கு அவர் வைத்திருக்கும் பெயர் கொசுக்கடி. முப்பத்தொரு வருடத்தில் ஒரு ஆள்கூட வலிக்கிறது என்று தன்னிடம் சொன்னதில்லை என்று இன்றும் சொன்னார். போன வாரமும் சொன்னார். என் பணி உறுதி, அதாவது வேலை நிரந்தரமாவது, அவர் கையெழுத்தில் இருப்பதால் நானும் இன்று முதல் தடவை கேட்பதுபோல வியந்தேன்.

2 பிப்ரவரி

நாற்பத்தெட்டு. இதுவரை வந்த எண்களைக் கூட்டிப் பார்த்தேன். கண்ணை நம்ப முடியவில்லை.

வலியை இப்படித்தான் கணக்கெடுக்கிறோம். ஊசி போட்டவரே கேட்டால் நோயாளி முகதாட்சண்யத்துக்காகப் பொய் சொல்வார் என்று புத்தகம் சொல்கிறது. அதனால் நான் பல்லைப் பிடுங்கிவிட்டு வெளியே போய்விடுவேன். உதவியாளர் சாந்தமேரி அக்கா முகங்கள் வரைந்த அட்டையை நீட்டுவார். ஆறு முகம். சிரிப்பது பூஜ்ஜியம், அழுவது பத்து. நோயாளி தொட்டுக் காட்டுவதை அவர் குறித்துக்கொள்வார். வெறும் கறுப்பு வெள்ளையாக இருந்த அட்டையை நான்தான் பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும்படி வண்ணத்தில் அச்சடித்து வைத்தேன். பார்க்க அழகாக இருக்க வேண்டாமா.

நாற்பத்தெட்டுப் பேரில் நாற்பத்திரண்டு பேர் முதல் முகம். மீதி ஆறு பேர் இரண்டாவது. அதுவும் புன்னகைதான். பிளாக்குக்கும் அப்படியே, என் ஓர ஊசிக்கும் அப்படியே. கொசுக்கடி, யானை மாதிரிப் பிளாக்குக்குச் சமமாக நிற்கிறது! காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். ஆனால் என் குஞ்சு நிஜமாகவே பொன்.

19 பிப்ரவரி

மே மாதம் பெட்டாலிங் ஜெயாவில் நடக்கும் மாநாட்டில் என் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். ஐம்பத்தாறு பேர் முடிந்த நிலையில் அனுப்பியது.

புரொபசர் எண்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அந்த நிமிடத்திலிருந்து கொசுக்கடி என்ற சொல் வழக்கொழிந்தது. "நம்ம ஸ்டடி" என்கிறார். பெயர் வரிசையில் அவர் முன்னால் வருவாராம், அதுதான் மரபாம். ஜூலையில் தொடங்கும் பருவத்திலிருந்து மாணவர்களுக்குக் கீழ்த்தாடை எல்லாப் பல்லுக்கும் ஓர ஊசியே முதல் பாடம், பிளாக் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று குறிப்பு எழுதச் சொல்லிவிட்டார். எண்பது மாணவர்கள், ஆளுக்கு வருடத்தில் முப்பது பல். என் பணி உறுதி நேர்காணலும் மேயில்தான். இதைவிட வேறென்ன வேண்டும்.

26 பிப்ரவரி

ரம்லத் மாமிக்குப் பல் வலி. ஷபீரின் உம்மா. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ஜவுளிக் கடையை இருபது வருடமாக நடத்துகிறவர். புடவையின் ஓரத்தைத் தடவியே தறியின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். மருமகளைத் தடவாமலே சொல்வார். நான் மடித்த துணி, சோற்றுக்கு நான் வைத்த ஆணம், நான் பிள்ளை பெறாமல் படிக்கப் போன மூன்று வருடம், எதிலும் குறை இல்லாமல் இருந்ததில்லை. அவருடைய தங்கச்சி மகள் சஹரும் டாக்டர்தான், ஆனால் "முழு உடம்புக்கும் டாக்டர்."

இடது கீழ்த்தாடை, கடைசிக்கு முந்தைய பல். ஓட்டை பெரிது, வேர் நிலைக்காது. பிடுங்கித்தான் ஆக வேண்டும். சஹரிடம் கேட்டுப் பார்க்கலாமா என்றார். கேளுங்கள், முழு உடம்பில் பல்லும் அடக்கம்தான் என்றேன். மனதுக்குள்.

28 பிப்ரவரி

மாமியைக் கிள்ளானுக்குக் கூட்டிப்போனேன். ரயிலில் பாதி வழி வரை கடைப் பெண்களுக்குப் போனில் வேலை சொல்லிக்கொண்டே வந்தார். மீதி வழி கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு வந்தார்.

சொந்தக்காரர்களை ஆராய்ச்சியில் சேர்க்கக் கூடாது. சேர்க்கவில்லை. ஆனால் ஊசி என் இஷ்டம். ஓர ஊசிதான் போட்டேன். ஐம்பத்தெட்டுப் பேரில் பாதிப் பேர் சிரித்த ஊசி. மாமிக்கு மட்டும் ஏன் மட்டமான சரக்கு?

ஏழு நிமிடம் காத்திருந்தேன். மரத்துப்போச்சா என்று கேட்டதற்குத் தலையசைத்தார். நெம்பத் தொடங்கியபோது முக்காட்டின் நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வலிக்குதா மாமி? இல்லை என்று தலை. கால் விரல்கள் காலுறைக்குள் சுருண்டன. இடது கண்ணிலிருந்து ஒரு சொட்டு காதுப்பக்கம் ஓடியது. கண்ணில் விளக்கு வெளிச்சம் பட்டிருக்கும் என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன் என்று எழுதுவதுதான் சரி. பல் வந்துவிட்டது.

மேரி அக்கா பழக்க தோஷத்தில் அட்டையை நீட்டினார். மாமி ஒரு நொடிகூட யோசிக்காமல் பச்சை முகத்தைத் தொட்டார். பஞ்சைக் கடித்துக்கொண்டே, "நல்ல டாக்டர்," என்றும் சொன்னார்.

எட்டு வருடத்தில் முதல் தடவை. மருந்து தலைக்கு ஏறிவிட்டதோ என்று பயந்து ரத்த அழுத்தம் எடுத்தேன். கூடத்தான் இருந்தது.

29 பிப்ரவரி

நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் நாள். மாமி என்னிடம் மனம் விட்டுப் பேசியதும் இன்றுதான். இரண்டும் ஒரே நாளில் வைத்தது நல்லதுதான்.

காலையில் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். தாடையை ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு குடித்தார். நேற்றுப் பார்த்த கால் விரல்கள் எனக்கு மறக்கவில்லை. உண்மையைச் சொல்லுங்கள் மாமி, பிடுங்கும்போது வலித்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். மறுபடி கேட்டேன். கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வலிச்சுது. உசுரு போயிட்டு வந்துச்சு. என்னைப் பெத்த உம்மாவெல்லாம் கண்ணுல தெரிஞ்சாங்க."

"அப்புறம் ஏன் மாமி அந்தச் சிரிச்ச முகத்தைத் தொட்டீங்க?"

"பின்ன எதைத் தொடச் சொல்றே? உள்ள வரும்போது கவுன்டர்ல அதே மூஞ்சிங்களப் பார்த்தேன்ல. சிவப்பத் தொட்டா உன்னையக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. நம்ம கடைக்கு எவனோ ஒருத்தன் ஒரு ஸ்டார் போட்டான், ரெண்டு வருஷமா அது இன்னும் போன்ல தொங்குது. வீட்டுல நான் ஆயிரம் சொல்லுவேன் நிலோபர். அது நம்ம வீடு. வெளியாளு முன்னால என் மருமகளுக்கு ஒரு ஸ்டார் போடுவேனா?"

முதலில் சிரித்துவிட்டேன். மாமியும் சிரிக்கப் பார்த்து, தாடை வலித்து நிறுத்திக்கொண்டார். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஏன் அழுதேன்? உசுரு போகிற வலியை என் பேருக்காக அந்த மனுஷி வாயை மூடிக்கொண்டு தாங்கியிருக்கிறது. அந்த வலியைக் கொடுத்தவள் நான். கேட்டும் பார்த்தேன், கண்ணீரையும் பார்த்தேன், நிறுத்தவில்லை.

ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அடுத்தது உறைத்தது. அதே மூஞ்சிங்க. பச்சையிலிருந்து சிவப்பு. அழகாக இருக்கட்டும் என்று நான் அச்சடித்த அட்டை.

ஐம்பத்தெட்டுப் பேர்.

1 மார்ச்

மேரி அக்காவிடம் அட்டையை எப்படி நீட்டுவீர்கள், என்ன சொல்வீர்கள், செய்து காட்டுங்கள் என்றேன். நான் நோயாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். அவர் குனிந்து, வாய் நிறையச் சிரித்து, "ஓகேதானே அண்ணே? எந்த முகம்?" என்றார். பிறகு, என்னை அண்ணே என்று சொல்லிவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டார்.

ஏன் சிரித்துக்கொண்டே கேட்கிறீர்கள் என்றேன். பாவம், அவர்களே வலியில் இருக்கிறார்கள், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டா கேட்க முடியும் என்றார். அப்புறம் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். நிறையப் பேர் முகத்தைத் தொடுவதற்கு முன் அவருடைய பெயர்ப் பட்டையைப் பார்ப்பார்களாம். இரண்டொருவர், "கவலப்படாதீங்க அக்கா, நல்லதாவே போட்டுடறோம் லா," என்று சொல்லவும் செய்தார்களாம். தன்னைப் பிடித்துப்போய்ச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"தப்பு எம்மேலயா டாக்டர்? கான்ட்ராக்ட் இந்த மாசம்தான் புதுப்பிக்கணும்."

உங்கள்மேல் இல்லை அக்கா என்றேன். வண்ண அட்டை அடித்த மேதை யார் என்பது அவருக்கும் தெரியும். சொல்லவில்லை. அவரும் எனக்குப் பச்சையைத் தொட்டுவிட்டார்.

4 மார்ச்

பதினொரு பேருக்குப் போன் போட்டேன். ஆராய்ச்சி டாக்டர் என்று சொல்லவில்லை. பல்லைப் பிடுங்கிய பொண்ணு பேசுகிறேன், இது யாருக்கும் மார்க் போடுகிற கணக்கில்லை, நிஜமாகவே எவ்வளவு வலித்தது என்று கேட்டேன்.

காப்பாரில் லோரி ஓட்டும் பழனியப்பன் அண்ணன், பத்துக்கு எட்டு இருக்கும் என்றார். அட்டையில் பூஜ்ஜியம். ஏன் அண்ணே என்றால், "சின்னப் பொண்ணா இருந்தீங்க டாக்டர், ஏன் பேரக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்." மேருவிலிருந்து வந்த வயதான மலாய் மாக்சிக், அட்டை நீட்டிய மிஸி நல்ல பெண், அவளுக்கு ஏச்சு வாங்கிக் கொடுக்க மனசு வரவில்லை என்றார். கல்லூரி மாணவி நடாலி, கையெழுத்துப் போட்ட காகிதத்தில் எதற்கு என்று எழுதியிருந்தது புரியவில்லை, எல்லா ஃபார்மிலும் பச்சையைத் தொடுவதுதான் வழக்கம் என்றாள். அந்தக் காகிதத்தின் தமிழை நானும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். அவள் மீது தப்பில்லை.

பதினொரு பேரில் ஏழு பேர் ஐந்துக்கு மேல். நான்கு பேருக்கு என் ஊசி, மூன்று பேருக்குப் பிளாக். மாதக்கணக்கில் ஆன ஞாபகத்தை ஆராய்ச்சியில் சேர்க்க முடியாது. அட்டையையும் நம்ப முடியாது. கிணறு வெட்டினேன், பூதம் சிரித்துக்கொண்டே வெளியே வந்தது.

5 மார்ச்

யாருக்கும் தெரியாது. மாமிக்குத் தெரியும், ஆனால் தனக்குத் தெரியும் என்பது மாமிக்குத் தெரியாது. மேரி அக்கா வாயே திறக்கமாட்டார். இன்னும் இரண்டு பேர், அறுபது முடிந்துவிடும். மாநாடு, பணி உறுதி, பெயர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சும்மா. தட்டு பெரிதாக இருந்தால் மறைக்கலாம். நான் பார்த்த பல ஆராய்ச்சிக் கட்டுரைகள் பெரிய தட்டுகள்தான்.

எழுதி முடித்துவிட்டு மூடலாம் என்று பார்த்தேன். மூட முடியவில்லை. காலுறைக்குள் சுருண்ட விரல்கள். ஜூலையில் எண்பது மாணவர்கள். அவர்கள் கேட்பார்கள், வலிக்குதா? இல்லை என்று தலை ஆடும். அவர்களும் நம்புவார்கள், நான் சொல்லிக் கொடுத்ததால்.

சொல்லிவிட வேண்டியதுதான். ஐயோ.

7 மார்ச்

சொன்னேன்.

புரொபசர் முதலில் நான் கணக்கில் ஏதோ கூட்டல் தப்பைச் சொல்கிறேன் என்று நினைத்தார். பிறகு, நோயாளி பூஜ்ஜியம் என்றால் பூஜ்ஜியம்தான், சொன்னதை எழுதியிருக்கிறாய், இதில் பொய் எங்கே இருக்கிறது என்றார். பிறகு, மே மாத நேர்காணலை ஞாபகப்படுத்தினார். மிரட்டலாக இல்லை, வானிலை அறிக்கை மாதிரி. ஜூலையில் அரைகுறையாக மரத்த வாய்களில் மாணவர்கள் குறடைப் போடுவார்கள் சார், அவர்களும் சிரித்த முகத்தைத்தான் தொடுவார்கள் என்றேன். பழனியப்பன் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அவருக்குப் போட்டது பிளாக், நீங்களே பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தது என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை.

"அப்போ என் பேஷண்ட்ஸ்?" என்றார். "தெர்ட்டி ஒன் இயர்ஸ் நிலோபர். ஒருத்தர்கூட வலிக்குதுன்னு சொன்னதில்ல. அவங்களும் இப்படித்தானா?"

சார் என்று மட்டும் சொன்னேன். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் பார்ப்பதுபோல் அல்ல.

12 மார்ச்

முதல் நோன்பு. மாநாட்டுக்குக் கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதம் அனுப்பினேன். ஜூலைக் குறிப்பைப் புரொபசரே கிழித்துப் போட்டார். என் பணி உறுதி ஒரு வருடம் தள்ளிப்போகிறது. "ஆய்வு முறைகளில் மேலும் முதிர்ச்சி தேவை" என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு வருடத்தில் முதிர்ந்துவிடுவேன், வாழைக்காயே முதிர்கிறது.

வீட்டில் சொன்னபோது ஷபீர் டிவியை அணைத்துவிட்டுக் கேட்டார். மாமி, தன்னால்தான் எல்லாம் என்று முழுதாகக் கேட்காமலே முடிவுகட்டி, நோன்பு திறக்கும்வரை என்னிடம் பேசவில்லை. திறந்ததும், அந்தச் சிவப்பு முகத்தை வந்து தொட்டுவிட்டுப் போகட்டுமா, இப்போது தொட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டார். இல்லை மாமி, நேரம் கடந்துவிட்டது என்றேன். பேரீச்சம்பழத்தை என் தட்டில் வைத்தார்.

20 மே

புது அறுபது தொடங்குகிறது. முகம் கிடையாது, வண்ணம் கிடையாது, பத்துக்கு எத்தனை என்று வாயால் சொன்னால் போதும். நோயாளி இடது கையைத் தூக்கினால் நான் என் கையை எடுத்துவிடுவேன், அது நிபந்தனை. மேரி அக்கா முக்காலியில் உட்கார்ந்து, சிரிக்காமல், "இது எங்களுக்கு மார்க் இல்ல, உங்க வலிக்குத்தான் மார்க். நீங்க கூடச் சொன்னா யாரையும் ஏச மாட்டாங்க, அடுத்து வர்றவங்களுக்கு மருந்து கூடப் போடுவோம்," என்று சொல்ல வேண்டும். இதைச் சிரிக்காமல் சொல்ல அவருக்கு நான்கு நாள் பயிற்சி தேவைப்பட்டது. கான்ட்ராக்ட்டைப் புதுப்பித்துவிட்டார்கள், அதனால் முகத்தை இறுக்குவது கஷ்டமாக இருக்கிறதாம்.

21 மே

முதல் ஆள். "ஆறு," என்றார். எனக்கும் மேரி அக்காவுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த மனிதர் எங்களைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

3 செப்டம்பர்

முடிந்தது. முதல் கடைவாய்ப் பல்லில் இரண்டு ஊசியும் ஏறக்குறைய ஒன்று. பின்கோடிப் பற்களில் என் பொன்குஞ்சு இருபது பேரில் ஒன்பது பேருக்குப் போதவில்லை. நடுவில் நிறுத்தி, மேலும் மருந்து போட வேண்டிவந்தது. எலும்பு தடிப்பு என்ற பழைய கட்சிதான் அங்கே சரி. மாமியின் பல் சரியாக அந்த இடத்துப் பல்.

புரொபசர் ஜெயித்துவிட்டார். கேலிக்குத் தயாராகத்தான் அவர் அறைக்குப் போனேன். அவர் ஒன்பதைப் பார்க்கவே இல்லை. பிளாக் போட்ட பின்கோடிப் பற்களில் நான்கு பேர் கை தூக்கியிருந்தார்கள். அந்த நான்கு வரிகளின்மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். பெயர் வரிசையில் என் பெயரை முன்னால் போட்டுக்கொள்ளச் சொன்னார். தோற்றவள் பெயர் முன்னால் வருவதுதான் மரபு போலிருக்கிறது.

19 நவம்பர்

மாமிக்கு வலது பக்கமும் ஒன்று பிடுங்க வேண்டியிருந்தது. ஒரு மாதமாக வலியைக் கிராம்புக்குள் ஒளித்து வைத்திருந்தார். கடைப் பெண்தான் என்னிடம் சொன்னாள்.

புரொபசரிடமே பிடுங்கிக்கொள்ளுங்கள் மாமி, அவர் கை நல்ல கை, உங்களுக்கு அவருடைய ஊசிதான் சரி என்று மனதாரச் சொன்னேன். நான் ஒருமுறை செய்ததே போதும் என்று இருந்தது.

"அவரு பெரிய மனுஷன். அவருகிட்ட வாயத் திறந்து வலிக்குதுன்னு சொல்ல முடியுமா? நீயே பண்ணு. உன்கிட்டன்னா சொல்லிடுவேன்."

இன்று காலை பிளாக் போட்டேன். பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம் காத்திருந்தேன். மாமி மொத்தம் பதினொரு முறை கை தூக்கினார். அதில் நான்கு, நான் கையுறை போடுவதற்கு முன். ஒன்று, கடையில் பெட்டி வந்து இறங்கிவிட்டதா என்று ஷபீருக்குப் போன் போட்டுக் கேட்கச் சொல்ல. ஒன்பதாவது முறை தூக்கியபோது கண்ணைப் பார்த்தேன், அது நிஜம். கையை எடுத்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் மருந்து போட்டு, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே மூன்று நோயாளிகள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும். பத்து நிமிட வேலைக்கு ஐம்பது நிமிடம் ஆனது.

மேரி அக்கா முக்காலியை இழுத்துப் போட்டு, சிரிக்காமல் கேட்டார். நானும் பக்கத்திலேயே நின்றேன்.

"மூணு," என்றார் மாமி. என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். "வலிக்கு மூணு. இம்புட்டு நேரம் எடுத்ததுக்கு வேற போடணும்."

மூன்று என்று எழுதினேன். நம்பினேன்.